நான் வண்டி ஏற்றிய மேடு

என் கணவர் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்குப் பன்னிரண்டு வருஷமாக வேன் ஓட்டுகிறார். அதனால் எங்கள் வீட்டில் ஸ்டியரிங் அவருடைய சொத்து. நான் பொம்மனஹள்ளியில் முறையாக டிரைவிங் கற்று லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷமாகியிருந்தது. "அத சிம் கார்டு வாங்கறப்போ காட்டு" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் சொந்தக் காரை ஒரே ஒரு தடவை நான் ஓட்டிவிட வேண்டும், அவர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேயில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். சாப்பிட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்ததும், "வீட்டுக்குத் திருப்பாதீங்க, நேரா விடுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாரமெல்லாம் டிராஃபிக்கில் உருட்டுகிறவருக்கும் ஆசை இருந்திருக்கும். "நாலாவது கியர் போட்டே எத்தன நாளாச்சு" என்று ஹோசூர், தேன்கனிக்கோட்டை எல்லாம் தாண்டி மலைப்பக்கம் ஒடித்தார். கொஞ்ச தூரத்தில் தார் தீர்ந்து மண் பாதை வந்தது. செடிகள்கூடத் தூசியில் சிவந்திருந்தன. பாதை முடிகிற இடத்தில் ஒரு ஊர் இருப்பதாக ஒருவர் சொன்னார். எங்களுக்கு அது போதுமாயிருந்தது.

கடைசி மேட்டில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. இவர் பிரேக்கைத் தொடவே இல்லை. ஃப்ளைஓவர் நெரிசலில் நிற்பதுபோல கிளட்சைப் பாதி மிதித்து ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தினார். பன்னிரண்டு வருஷப் பழக்கம் விடுமா? ஆடுகள் நிதானமாக நடந்தன, கிளட்ச் கருகி நாறியது. அவை போனபின் கிளப்பினால் வண்டி பின்னால் உருண்டு அணைந்தது. மூன்று தடவையும் அதே கதை. பின்னால் பள்ளம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பேடாம்மா, வேணாம், ரிவர்ஸ்லயே மெதுவா எறங்கிடலாம்."

"நீங்க எறங்குங்க. டயருக்குக் கல்லு வைங்க."

"நீயா?"

"நான்தான்."

ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிக் கல் வைத்தார். கிளட்ச் ஆறட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்து உட்கார்ந்தேன். ஹேண்ட்பிரேக்கை விடாமல் ஆக்சிலேட்டர் கொடு, கிளட்சை மெல்ல விடு, வண்டி முன்னால் இழுக்கும்போது பிரேக்கை எடு. அதுதான் எங்கள் டிரைவிங் மாஸ்டரின் பாடம். வண்டி இழுத்தது. பிரேக்கை எடுத்தேன். ஏறியது!

"நிறுத்து, நானும் ஏறிக்கறேன்!" என்று கத்தினார். மேட்டில் போய் நிறுத்த எனக்கென்ன பைத்தியமா? தூசிக்குள் அவர் ஓடிவருவது கண்ணாடியில் கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. நான் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே போனேன்.

மேலே பத்துப் பதினைந்து வீடுகள், ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா வெளியே வந்தார்.

"இந்த மேட்டுல நீயா ஓட்டிக்கினு வந்த?"

"நான்தான்" என்றேன். இன்னொரு தடவை கேட்கமாட்டாரா என்றிருந்தது.

பாதி டீ குடித்திருந்தபோது இவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மீசை, விசேஷத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை எல்லாம் செம்மண். திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன்.

"இந்தம்மாகூட வந்தவரா?" என்று கடைக்காரம்மா கேட்டார்.

"ஆமாம்மா. டிரைவர் அவங்கதான்" என்றார் இவர்.

டீயைக் குடித்துவிட்டு இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பொம்மனஹள்ளி வீடு வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.