நாற்பத்தைந்து பாகைப் பள்ளம்

அளவெட்டியில் தச்சுவேலை செய்யும் தம்பிராசா ஓடாவியாருக்கு உலகத்திலேயே பெரிய அருவருப்பு, படச் சட்டத்தின் மூலையில் இடைவெளியை மறைக்க மரத்தூளையும் பசையையும் குழைத்து அப்பியிருப்பதுதான். எங்கே கண்டாலும், "சீ! உதும் ஒரு வேலையே?" என்று காறித் துப்புவார். அவர் பூட்டிய மூலைகளில் ஒரு தாளின் விளிம்புகூட நுழையாது.

எண்பத்தாறாம் ஆண்டில் மரம் அறுக்கும் கரண்ட் வாள் வாங்க யாழ்ப்பாணம் போனார். கடைக்காரர் பளபளவென்று ஒரு பெரிய வாளைக் காட்டினார். ஓடாவியார் மடியிலிருந்த மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். மரத்தை அணைத்துப் பிடிக்கும் தகடே கோணல்.

"உதைக் கொண்டுபோய் விறகு கொத்துங்கோ!"

மூலையில் தூசி பிடித்துக் கிடந்த சின்ன யப்பான் வாளின் தட்டைத் திருப்பினார். சட்டத்தின் மூலை வெட்டும் நாற்பத்தைந்து பாகைப் பள்ளத்தில், தட்டைப் பூட்டும் வில் வைத்த முளை 'டக்'கென்று விழுந்தது. அசைத்தார், மயிரளவும் அசையவில்லை. அந்தச் சத்தத்துக்காகவே அதை வாங்கினார்.

ஆறு மாதம் வாள் சொன்னபடி கேட்டது. ஆயுத பூசை வந்தது. மனைவி மீனாம்பிகையைக் கிட்டவும் விடாமல், தானே துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மோட்டருக்கு ஒரு பொட்டு, பிடிக்கு ஒரு பொட்டு. தனக்குப் பிடித்த பள்ளத்துக்கு மட்டும் தாராளமாக அப்பினார்.

அடுத்த கிழமை பிள்ளையார் கோயில் தருமகர்த்தா பஞ்சலிங்கம் பெரிய படமொன்றையும் அளந்து வெட்டிய தேக்கையும் கொண்டுவந்து இறக்கினார். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் படம் ஏறவேண்டும். தட்டைத் திருப்பியபோது முளை 'தொக்'கென்றது. 'யப்பான்காரன்ரை வில்லும் தளர்ந்திட்டுதாக்கும்' என்று முணுமுணுத்துக்கொண்டு, கழிவுத்துண்டில் பரீட்சை பார்க்காமலே நாலு துண்டையும் வெட்டித் தள்ளினார்.

பூட்டிப் பார்த்தால் நாலு மூலையிலும் வெளிச்சம் தெரிந்தது. வேறு மரமும் இல்லை, நாளும் இல்லை. வாளை ஏசினார், செய்தவனை ஏசினார், விற்றவனின் பரம்பரையையே இழுத்து ஏசினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, மரத்தூளைப் பசையில் குழைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தக் களியை நாலு மூலையிலும் அப்பினார்.

படம் ஏறிப் பூசையும் முடிந்தது. வீட்டுக்கு வந்தவர் வாளைத் தூக்கினார்.

"உந்தச் சனியனைக் கிணத்துக்கை போடுறன்!"

"பொறுங்கோ. உந்தப் பள்ளத்துக்கை என்ன சிவப்பாய்க் கிடக்கு?" என்றாள் மீனாம்பிகை.

ஆணியால் கிண்டினார். கல்லாய்க் காய்ந்த சந்தனம் குங்குமத்தோடு பெயர்ந்து விழுந்தது. தட்டைத் திருப்பினார்.

'டக்.'

பள்ளத்தை அடைத்தது அவர் வைத்த சந்தனம்தான். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அப்படியே கோயிலுக்கு ஓடினார்.

"படத்தை இறக்கித் தாங்கோ ஐயா. என்ரை காசிலை மரம் வாங்கிப் புதுச் சட்டம் போட்டுத் தாறன்."

"உதென்ன கதை, ஓடாவியார்? பூசை கண்ட படத்தை இறக்கேலுமே?" பஞ்சலிங்கம் சிரித்தார். "மூலை இருக்கிறதே தெரியேல்லை. ஊரெல்லாம் உதைத்தான் கதைக்குது."

அடுத்த வெள்ளி எல்லோரும் பிள்ளையாரைக் கும்பிட்டார்கள். ஓடாவியாரின் கண் நாலு மூலையை விட்டு நகரவில்லை. தன் கையையே வெட்டி எறியலாம் போலிருந்தது. ஐயர் தட்டை நீட்டினார். திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டார். சந்தனத்தைத் தொடவில்லை.