மடியில் ஒரு ஸ்பிரிட் பாட்டில்

எண்பதுகள் தொடங்கிய சமயம். காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். வாடகை அறையில் தனி வாசம். இடது கண்ணின் மேல் இமைக்குள் ஒரு கட்டி வளர்ந்து, கண்ணைக் கீழே தள்ளிப் பிதுங்க வைத்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டேன். கேட்டவர்களிடம் மெட்ராஸ் ஐ என்றேன். அதன்பிறகு யாரும் என் மேஜைப் பக்கமே வரவில்லை. டீ டம்ளரைக்கூட எட்டி வைத்துவிட்டுப் போனார்கள். ஐயோ பாவம் என்று பார்க்கப்படுவதற்கு இது மேல் என்று இருந்துவிட்டேன். எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகம்தான்.

புற்றாக இருந்தால் கண்ணையே எடுக்க வேண்டிவரும் என்றார் கண் டாக்டர். கத்தி வைக்காமல் தெரிந்துகொள்ள அவர் ஒரு புது முறை கற்று வந்திருந்தார். மெல்லிய ஊசியை இமை வழியாகக் கட்டிக்குள் விட்டு உறிஞ்சினார். பிடித்துக்கொள்ள யார் கையும் இல்லாததால் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வந்தது ஒரு சொட்டுக்கும் குறைவு. அதை இரண்டு கண்ணாடித் தகடுகளில் தேய்த்து, ஸ்பிரிட் ஊற்றிய பாட்டிலில் போட்டு மூடினார். பார்த்துச் சொல்லக்கூடியவர் பாண்டிச்சேரியில் இருந்தார். ஸ்பிரிட் கொட்டித் தகடு காய்ந்தால் மறுபடி குத்த வேண்டும், பத்திரமாக யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள் என்றார். அந்த யாராவது நான்தான்.

பாண்டிச்சேரிக்குப் போக, இடையில் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். அங்கே அப்போது மதுவிலக்கு. எங்கள் ஊரில் கடையில் விற்கும் பாட்டில் எல்லைப் பாலத்தைத் தாண்டினால் கடத்தல். செக்போஸ்டில் பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் வாடை பிடித்து என்னிடம் வந்தார். என் மடிமேலிருந்த பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து மோந்தார். கறுப்புக் கண்ணாடியும் மடியில் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஜன்னல் வழியாகக் கவிழ்க்கப் போனார்.

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

“ஊத்திடாதீங்க. அது என் கண்ணுலேர்ந்து எடுத்தது. புத்துநோயான்னு பாக்கத்தான் கொண்டுபோறேன்.”

அதுவரை ஒருவரிடமும் சொல்லாததை ஒரு பஸ்ஸே கேட்கச் சொல்லிவிட்டேன். அவர் மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

“கூட யாரும் வரலையாம்மா?”

இல்லை என்று தலையாட்டினேன். கண்டக்டரைக் கூப்பிட்டு, அதிகம் குலுங்காத முன்சீட்டில் என்னை உட்காரவைக்கச் சொன்னார். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஆனாலும் பாண்டி வரும்வரை என் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. அழுகை அப்போதுதான் வந்தது.

நான்காம் நாள் முடிவு கேட்க மறுபடி போனேன். தகடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்த டாக்டரம்மா, புற்று இல்லை என்றார். வெறும் வீக்கம், மாத்திரையிலேயே வற்றிவிடும், கண்ணுக்கு ஆபத்தில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

“முதல்ல வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க. எல்லாரும் பயந்துபோய் இருப்பாங்க.”

சரிங்க என்றேன். பயந்துபோய் இருந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு அவரே சொல்லிவிட்டார்.