மதுக்கடையில் ஒரு நிமிடம்

இது கற்பனை என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அந்த ஒலிப்பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. திரும்பக் கேட்கத்தான் துணிவில்லை.

மார்சேய் துறைமுகத்தின் பின்புறம் ஒரு பழைய மதுக்கடை. நாற்பது வருடங்களுக்கு முன் அதன் முதலாளி டூசானை ஒரு ரவுடிக் கும்பல் கொன்றது அங்கேதான். அந்த வழக்கை வைத்து அதே கடையில் எடுத்த அடிதடிப் படத்துக்கு நான் ஒலிப்பதிவாளர். டூசானாக நடித்தவன் என் கணவன் ரெமி. எங்கள் கதையில் டூசான் துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டுச் சாவார்.

மாலை 4.10. சண்டைக் காட்சி முடிந்தது. வழக்கம்போல அறையின் மௌனத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். பிறகு படத்தில் வசனங்களுக்கு அடியில் அதை ஓட விடுவோம். அந்த நிமிடத்தில் யாரும் அசையக் கூடாது, இருமக் கூடாது. குளிர்பெட்டியைக்கூட நானே அணைத்துவிட்டேன்.

“ரெமி, உன் வயிறு கத்துச்சுன்னா வீட்டுக்கு நடந்துதான் வரணும்.”

“நீ கட்டிக் கொடுத்த சாண்ட்விச்சைப் போய்த் திட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“கொஞ்சினது போதும். அமைதி!” என்றார் இயக்குநர் கொரந்தான்.

4.12. ஹெட்போனை மாட்டினேன்.

பத்தாவது விநாடி. துணி இறுகும் சத்தம். கர்ர்ர்...

இருபதாவது விநாடி. என் காதருகே ஒரு மூச்சு. அப்புறம் ஓர் ஆணின் குரல்... வெறுப்போடு.

“இந்தத் தடவையும் சும்மாதான் நிப்பீங்களா?”

நிமிர்ந்தேன். எல்லோரும் சிலை மாதிரி நின்றார்கள். யாருடைய உதடும் அசையவில்லை.

மது ஊற்றிக் கொடுக்கும் மேடைக்குப் பின்னால் ரெமி. முகம் கறுத்திருந்தது. டூசான் வேடத்துக்காக அவன் மாட்டியிருந்த ஏப்ரனின் கழுத்துப் பட்டி அவன் தொண்டைக்குள் புதைந்துகொண்டிருந்தது.

பின்னால் யாரும் இல்லை.

பதிவு கெட்டுவிடக் கூடாதென்று அவன் சத்தமே போடவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கினான். பார்த்தவர்களும்... அசையவில்லை.

நாற்பது விநாடி.

அலறினேன். ஓடினேன். எலுமிச்சை நறுக்கும் கத்தியால் பட்டியை அறுத்தேன்.

ரெமி சரிந்தான். மூச்சு வந்தது.

“பதிவைக் கெடுத்துட்டியே!” என்று கத்திய கொரந்தான், அவன் கழுத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

மறுவாரம் டூசானின் தங்கை லுசெத்தைத் தேடிப் போனோம். ரெமியின் கழுத்திலிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் அவள் கதவைச் சாத்தப் போனாள். படத்தில் டூசான் எப்படிச் சாகிறார் என்று அவசரமாகச் சொன்னேன்.

“துப்பாக்கிச் சண்டையா? படத்துக்கு எடுப்பா இருக்கும்னு மாத்திட்டீங்களாக்கும். எங்கண்ணனை அவன் போட்டிருந்த ஏப்ரனாலயே நெரிச்சாங்க. கடையில ஒன்பது பேர் இருந்தாங்க. ‘அசையாதே’ன்னு ஒருத்தன் சொன்னான். ஒன்பது பேரும் அசையல.”

ரெமி என் கையை இறுகப் பிடித்தான்.

“எவ்வளவு நேரம்?” என்று கேட்டேன்.

“கோர்ட்டுல ஒன்பது பேரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. ஒரு நிமிஷம்.”