மேலே மேற்கு, கீழே கடல்

வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு பெண்ணின் அம்மாவை நான் சாகடித்துவிட்டேன். அந்த அம்மாள் அந்த நேரத்தில் தலையில் மீன் கூடையோடு, நல்ல ஆரோக்கியமாக, திருக்கழுக்குன்றம் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

எழுபதுகளில் நடந்த கதை இது. மகாபலிபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகிற வழியில், கடலை ஒட்டிய ஒரு குப்பத்தில் நடுநிலைப்பள்ளி. செங்கல்பட்டு டவுனில், ஏரியையே கடல் என்று நம்பி வளர்ந்த என்னை, ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு அங்கே தற்காலிகமாகப் போட்டார்கள். சரித்திரம், பூகோளம், கொஞ்சம் பொருளாதாரம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, சமூகப் பாடம் என்று பெயர் வைத்து என் தலையில் ஏற்றினார்கள்.

ஏழாம் வகுப்பில் முதல் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். இரட்டைச் சடை, எதற்கும் பயப்படாத கண். அறிமுகத்துக்காக, "அப்பா எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"நைனா கீழ பூட்டாரு டீச்சர்."

எனக்குப் புரியவில்லை. சரி, அம்மாவையாவது கேட்போம் என்று, "அம்மா?" என்றேன்.

"அம்மா மேல பூட்டாங்க."

மேலே போய்விட்டார் என்றால் எங்கள் செங்கல்பட்டில் ஒரே அர்த்தம்தான். அவளை அணைத்துக்கொண்டேன். மத்தியானம் என் டிபன் பாக்ஸிலிருந்த புளியோதரையை அவளுக்கே கொடுத்துவிட்டேன். அவள் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் காலிக் கூடையும் இடுப்பில் ஒரு நெல் மூட்டையுமாக ஒரு அம்மாள் வந்து நின்று, "இன்னா டீச்சர், எம்பொண்ணு ஒழுங்கா படிக்குதா?" என்று கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை எந்தத் திசையில் காட்டுவது என்று தெரியவில்லை.

மறுநாள் வகுப்பில் பாதிப் பேருக்கு அம்மா மேலே போய்விட்டார்கள். புளியோதரையின் மகிமை.

விஷயம் இதுதான். அந்தக் குப்பத்தில் கிழக்கு என்றால் கீழே, மேற்கு என்றால் மேலே. ஆண்கள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போனால் கீழே போனார்கள். பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு விற்கப் போனால் மேலே போனார்கள். எங்கள் ஊரிலும் மேலத்தெரு, கீழத்தெரு உண்டு. நானே மேலத்தெருக்காரிதான். இருபத்திரண்டு வயதுவரை அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யோசித்ததே இல்லை. எனக்கு அது தபால்காரர் சமாசாரம், அவ்வளவுதான்.

பொருளாதாரப் பாடத்திலும் இதே கதி. 'முற்காலத்தில் மக்கள் பொருளுக்குப் பொருள் மாற்றிக்கொண்டனர். இதற்குப் பண்டமாற்று என்று பெயர்' என்று படித்தேன். முதல் பெஞ்சுப் பெண் கை தூக்கினாள். "கல்பாக்கத்துக்கு மீனு எடுத்துகினு போனா துட்டு தராங்க. மேல போனா நெல்லுதான் தராங்க. அப்ப எங்கம்மா திங்கக்கெழம இக்காலம், செவ்வாக்கெழம முற்காலமா டீச்சர்?" புத்தகத்தை மூடிவிட்டு நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று வீட்டில் இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் சொல்வதுதான் சட்டம். கூடுவாஞ்சேரியில் அண்ணன் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். பையனுக்கு ரயில்வேயில் வேலை; பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் கட்சி. "வருஷ இன்ஸ்பெக்ஷன் வரைக்கும் பார். வேலையை நிரந்தரம் பண்ணினால் இரு. இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு" என்று அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எனக்கோ அந்த வேலை வேண்டும். மகாபலிபுரத்தில் வாடகைக்கு எடுத்திருந்த அறை வேண்டும். என் சம்பளத்தில் நான் வாங்கிய குடை வேண்டும். மாப்பிள்ளை மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரை நான் பார்த்ததுகூடக் கிடையாது. பிள்ளைகளுக்கும் இது எப்படியோ தெரிந்துவிட்டது. குப்பத்தில் எதுதான் தெரியாமல் இருந்தது?

இன்ஸ்பெக்ஷனுக்கு என் வகுப்பில் வரைபடப் பாடம் என்று ஹெட்மாஸ்டர் முடிவு செய்தார். இந்தியா வரைபடத்தைச் சுவரில் மாட்டி, "வரைபடத்தில் மேலே இருப்பது வடக்கு" என்று ஆரம்பித்தேன். வகுப்பு முழுவதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"மேல இருக்கறது மேற்கு டீச்சர். பேர்லயே கீதே!"

"அது வேறம்மா. படத்தில் மேலே வடக்கு. இதோ, வலது பக்கம் கிழக்கு. இங்கேதான் நம் கடல்."

அவர்கள் நான் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வரைபடம் மேற்குச் சுவரில் தொங்கியது. அதன் வலப்பக்கம் இருந்தது ஹெட்மாஸ்டர் அறை. "கடலு பெரிய சார் ரூம்ல கீதா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். இத்தனைக்கும் நிஜமான கடல் எங்கள் முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். பிறகு ஆத்திரத்தில் வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரித்தேன். வங்காள விரிகுடாவை நிஜக் கடல் பக்கமும், இமயமலையை மெட்ராஸ் பஸ் வரும் பக்கமுமாகத் திருப்பி வைத்தேன். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் பெஞ்சுப் பெண் படத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"டீச்சர், இது நம்ம கடலு!"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அன்றே அவர்கள் தில்லி, கல்கத்தா, பம்பாய் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு தொல்லைதான். நெருக்கியடித்து உட்காரும்போது யார் காலாவது படத்தின் மேல் பட்டுவிடும். காகிதம் சரஸ்வதியாயிற்றே! பட்ட இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் பாடம் மேலே நகராது. ஆந்திரா கதவுப் பக்கம் இருந்ததால் அதற்குத்தான் அதிக மரியாதை கிடைத்தது.

இன்ஸ்பெக்ஷன் அன்று காலையில் ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது? கவர்மென்ட் மேப்பத் தரையில போட்டுகினு? எடுத்து மாட்டு, எடுத்து மாட்டு!" என்று பதறினார். மாட்டினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைப் பேன்ட், பளபளப்பான பூட்ஸ், சிரித்துப் பழக்கமில்லாத முகம். நேராக முதல் பெஞ்சுப் பெண்ணைத்தான் எழுப்பினார்.

"வரைபடத்தில் மேலே இருப்பது எந்தத் திசை?"

"மேற்கு சார்."

"என்னது? கடல் எந்தப் பக்கம்?"

"கீழ சார்."

அவர் வரைபடத்தின் அடிப்பாகத்தைப் பார்த்தார். அங்கே இந்து மகா சமுத்திரம் இருந்து தொலைத்தது. தப்பென்றும் சொல்ல முடியவில்லை, சரியென்றும் சொல்ல மனமில்லை. வகுப்பைப் பொதுவாகப் பார்த்து, "மேலே எந்தத் திசை? எல்லோரும் சொல்லுங்கள்" என்றார். "மேற்கு சார்!" என்று கூரை ஓடு அதிரச் சொன்னார்கள். ஹெட்மாஸ்டர் கைக்குட்டையை எடுத்தார். எனக்குக் கூடுவாஞ்சேரி ரயில் சத்தம் காதில் கேட்டது.

பயப்பட வேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். விறுவிறுவென்று போய் வரைபடத்தைக் கழற்றினேன். இன்ஸ்பெக்டர் காலடியில் விரித்து, கடலைக் கடல் பக்கம் திருப்பினேன். "இப்போது கேளுங்கள் சார்" என்றேன். என் குரல் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது.

அவர் கேட்டார். பம்பாய் நமக்கு எந்தப் பக்கம், கங்கை எங்கே போய்க் கடலில் விழுகிறது, கொழும்பு போக எந்தத் திசையில் கப்பல் விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனார். பிள்ளைகள் கையை நீட்டி நிஜத் திசையையே காட்டினார்கள். ஒன்றும் தப்பவில்லை. அவருக்கும் ஆட்டம் பிடித்துப்போய், படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்படி வந்தவர், காலைப் படத்தின் மேல் வைத்துவிட்டார்.

நீட்டிய கைகளைப் பிள்ளைகள் இறக்கிக்கொண்டார்கள். எல்லார் கண்ணும் அந்த பூட்ஸின் மேல்தான்.

"என்ன?" என்றார்.

முதல் பெஞ்சுப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "நம்ம ஊர மிதிச்சுகினு கீறீங்க சார்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். மெட்ராஸிலிருந்து பாண்டிச்சேரிவரை அவர் காலுக்கடியில் இருந்தது. சட்டென்று காலை எடுத்தார். அந்த இடத்தை விரலால் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். மிதிக்காத ஹெட்மாஸ்டரும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை குனிந்து ஒற்றிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தபோது அவர் முகம் இளகியிருந்தது. அவள் தலையில் கை வைத்து, "கெட்டிக்காரப் பெண். அம்மா எங்கேம்மா?" என்று கேட்டார்.

ஐயோ, வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "மேல பூட்டாங்க சார்."

இன்ஸ்பெக்டர் கண் கலங்கியது. நல்ல மனிதர்தான், அப்போதுதான் தெரிந்தது. "தாயில்லாப் பிள்ளையை..." என்று அவர் என் பக்கம் திரும்பினார். "சார், அது மேலே என்றால்..." என்று நான் விளக்க ஆரம்பித்தேன். ஜன்னலில் ஒரு காலிக் கூடையும் அதற்குக் கீழே வெற்றிலை போட்ட ஒரு முகமும் தெரிந்தன. "தோ, எங்கம்மா கீழ வந்துட்டாங்க!" என்று கத்தினாள் அவள்.

நான் ஒருவழியாக விளக்கி முடித்ததும் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹெட்மாஸ்டரிடம், "இந்தம்மா இங்கேயே இருக்கட்டும் சார். நிரந்தரத்துக்கு நான் சிபாரிசு பண்ணிவிடுகிறேன்" என்றார். புறப்படும்போது படத்தைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனார்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவள் மட்டும் நின்றாள். "டீச்சர், நீங்க மேல பூடுவீங்களாமே?"

செங்கல்பட்டு அங்கிருந்து மேற்கேதான் இருக்கிறது. அவள் கேட்டது அதைத்தான். ஆனாலும் நெஞ்சில் நறுக்கென்றது. "போகமாட்டேண்டி. கீழேதான் இருப்பேன்" என்றேன். எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் சடையை ஆட்டிக்கொண்டு ஓடிவிட்டாள்.

சனிக்கிழமை செங்கல்பட்டு வீட்டு வாசலிலேயே அண்ணன் காத்திருந்தார். "என்ன ஆச்சு? மேலே போட்டார்களா?" என்று கேட்டார்.

சந்தோஷத்தில் யோசிக்காமல் சொன்னேன். "இல்லை அண்ணா, கீழேதான்!"

அண்ணன் முகம் மலர்ந்தது. என்னைத் தேற்றுவதற்காகத் தோளில் தட்டிக்கொடுத்து, "பரவாயில்லை, விடு" என்றார். அண்ணி உள்ளே போய்ப் பாயசத்துக்கு ஏலக்காய் தட்டினார். கூடுவாஞ்சேரிக்குச் சொல்லியனுப்ப அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டபோதுதான், அவர் கேட்ட மேலே நிரந்தர வேலை, நான் சொன்ன கீழே குப்பம் என்பது எனக்கு உறைத்தது. கூடத்துச் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றித் தரையில் விரித்து, அவரை உட்காரச் சொன்னேன்.