பாலத்தின் மேல் மூன்று பிறந்தநாள்

என் மகள் பிறந்தது நவம்பரில். கள்ளிக்குப்பத்தில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் பிள்ளை பெற்றுக்கொள்ள ஏற்ற மாதம் மார்ச் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவளுடைய எட்டாவது பிறந்தநாளன்றுதான் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் அவளைத் தோளில் உட்காரவைத்து இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தபடி பின்னால் போனேன். இன்றும் தண்ணீர்ச் சத்தம் பெரிதாகக் கேட்டால் என் கை தானாக எதையாவது பிடித்துக்கொள்ளும்.

மறுவருடம் கனமழை எச்சரிக்கை வந்ததுமே பிறந்தநாள் விழாவை நிறுத்திவிட்டேன். அன்று ஒரு துளி விழவில்லை. அவள் அழவும் இல்லை. "பரவால்லம்மா" என்றாள். அழுதிருந்தால் தேவலை. பத்தாவது பிறந்தநாளுக்கு என்ன ஆனாலும் கேக் வெட்டுவோம் என்று வாக்குக் கொடுத்தேன்.

வானிலை அறிக்கை எனக்கு மனப்பாடம். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்பார்கள். எந்த இடம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். "ஒண்ணு நம்ம ஹாலு, இன்னொண்ணு பெட்ரூம்" என்பார் என் கணவர்.

பத்தாவது பிறந்தநாளன்று காலை பேக்கரியில் கேக்கை வாங்கிக் கார் டிக்கியில் வைக்கும்போதே போன் அலறியது. கனமழைக்கான ஆரஞ்சு எச்சரிக்கை. ஆரஞ்சு என்றால் எங்கள் தெருக் கார்கள் எல்லாம் வெள்ளத்துக்குத் தப்ப அண்ணனூர்ப் பக்கம் உள்ள ரயில் மேம்பாலத்துக்குப் போய்விடும். தாமதித்தால் சரிவின் அடியில்தான் இடம் கிடைக்கும். நேராகப் பாலத்துக்கு ஓட்டினேன். உச்சியிலேயே இடம் கிடைத்த பெருமையோடு காரைப் பூட்டிவிட்டு, பஸ் பிடித்து வீடு திரும்பினேன்.

வந்ததும் வேலை சரியாக இருந்தது. ஃபிரிட்ஜுக்கு அடியில் செங்கல் வைத்தோம். பத்திரங்களும் சான்றிதழ்களும் பிளாஸ்டிக் உறைக்குள் போய்ப் பரணில் ஏறின. குடிநீர், டார்ச், மாத்திரை எல்லாம் ஒரு பையில். மூன்று மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. நான்கு மணிக்கு அவளுடைய தோழிகள் எட்டுப் பேர் வந்துவிட்டார்கள்.

"அம்மா, கேக் எங்க?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "பரவா..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் வெளியே ஓடினேன். ஆட்டோக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னதும் சிரிப்பை அடக்க முடியாமல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாக்கா, காரைக் காப்பாத்துறேன்னு கேக்கைக் கொண்டுபோய் மலை மேல வச்சிட்டு வந்துகீறியே!"

"சீக்கிரம் போய் எடுத்துட்டு வந்துடலாம், வாங்கண்ணே."

"எதுக்கு? புள்ளைங்கள ஏத்து. கேக்கு கீற எடத்துல வெட்டினா இனிக்காதா?"

இரண்டு நடையில் எல்லோரும் பாலம் ஏறினோம். கீழே ஷெட்டில் மின்சார ரயில்கள் வரிசையாக நின்றன. மேலே எங்கள் கார்கள் நின்றன. காரைப் பார்க்க வந்த அண்டை வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். கேக் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மேலே எழுதியிருந்த பத்து மட்டும் அப்படியே இருந்தது. அதைக் காரின் பானெட்டில் வைத்தோம்.

அந்த நேரம் பார்த்து ஒரு போக்குவரத்துக் காவலர் பைக்கில் வந்து இறங்கினார்.

"மழைக்கு வண்டி வுடுறோம்னீங்க, சரின்னேன். இப்ப ஊடே கட்டிகினு வந்துட்டீங்களா?"

என் மகள்தான் பதில் சொன்னாள்.

"அஞ்சே நிமிஷம் அங்கிள். எட்டு வயசுக்கும் வெட்டல, ஒம்போதுக்கும் வெட்டல."

அவர் கேக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வண்டிகளைத் தள்ளிப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

"அப்ப மூணு தபா வெட்டு பாப்பா. பாக்கி வைக்காத."

மூன்று முறை மெழுகுவத்தி ஏற்றினோம், மூன்று முறை பாடினோம். எட்டுக்கு நாங்கள் மட்டும் பாடினோம். ஒன்பதுக்கு அண்டை வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பத்துக்கு ஆட்டோக்காரர் விசிலடிக்க, காவலரும் தன் விசிலை ஊதினார். அவள் மெழுகுவத்தியை ஊதி அணைத்த அதே நொடியில் முகப்பேர்ப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து மழை கொட்டியது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு கிடைத்த கார்களுக்குள் புகுந்தார்கள்.

"ஓரிரு இடத்துல ஒண்ணு இதாண்டி!" என்று கணவர் பக்கத்துக் காரின் ஜன்னல் வழியாகக் கத்தினார்.

காரின் கூரையில் மழை தடதடவென்று அறைந்தது. பின்சீட்டில் ஐந்து பிள்ளைகள் மூக்கெல்லாம் க்ரீமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் மகள். வழக்கம்போல என் கை எதையோ இறுகப் பிடித்திருந்தது. குனிந்து பார்த்தேன். கேக் வெட்டிய பிளாஸ்டிக் கத்தி.