போனுக்குள் ஊர்ந்த கரப்பான்

என் மகளுக்கு நான்கு வயதாகும்வரை ஒரு வாய்ச் சோறுகூட என் கையால் ஊட்டியதில்லை. கரண்டிதான். கை கழுவாத சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். கழுவிக் கழுவியே தோலை உரித்துக்கொண்டவள் நான். கழுவி முடித்ததும், குழாயைத் தொட்டுவிட்டோமே என்று மறுபடியும் கழுவுவேன். கோலா கிளாவாங் பக்கத்து எஸ்டேட்டில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை லாரி ஓட்டும் என் கணவர், வேலை முடிந்து வந்து தடவை தடவையாகக் கை கழுவி வீட்டுக்குள் நுழையப் பட்ட பாடு தனிக் கதை.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளைகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். என் மகளும் அவர்களோடு நின்று வாயைத் திறந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்கா மேல் இல்லை, என் மேல்.

அந்த வாரமே சிரம்பான் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனநல டாக்டரம்மா என் போனில் ஒரு செயலியை ஏற்றித் தந்தார். கேமராவைச் சாப்பாட்டு மேசை பக்கம் திருப்பினால், திரையில் அதே மேசைமேல் கரப்பான் ஊரும், சேறு வழியும். அந்த இடத்தில் கை வைக்க வேண்டும். பதற்றம் தானாக அடங்கும்வரை கழுவாமல் உட்கார வேண்டும்.

இல்லாத கரப்பானுக்கா பயப்படப் போகிறேன் என்று தைரியமாகத் தொட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. கையைக் கழுவவில்லைதான். ஆனால் மறுநாளிலிருந்து போனை பிளாஸ்டிக் பைக்குள் போட்டே பிடித்தேன். கரப்பான் ஊர்ந்த போனாயிற்றே!

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா பையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “போனுக்கு மழைக்கோட்டா? கழட்டுங்கம்மா.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்திலேயே கழற்றினேன்.

அதன்பிறகுதான் உண்மையான வைத்தியம். முதல் நாள் அரைமணி நேரம் அழுதேன். பல வாரம் கழித்து ஒரு நாள், கரப்பான் கூட்டத்தின் நடுவே கையை வைத்தபடி, சாயங்காலம் என்ன குழம்பு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கே நம்ப முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் ஒரே தடவை கை கழுவினேன். குழாயை மூடினேன். அதே கையாலேயே ரசம் ஊற்றிச் சோறு பிசைந்தேன்.

“கரண்டி எங்கம்மா?” என்றாள் மகள்.

“கரண்டிக்கு இன்னிக்கு லீவு.”

வாயைத் திறந்தாள். என் விரல் அவள் நாக்கில் பட்டது. ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியே விட்டேன்.

சத்தம் கேட்டு, சாப்பாட்டுக்கு வந்து நிறுத்திய லாரியிலிருந்து இறங்கி ஓடிவந்த கணவர், கிரீஸ் கையோடு வாசலில் நின்று எங்களையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. “எனக்கும் ஒரு வாய்,” என்றார்.

“கை கழுவிட்டு வாங்க.”

அவர் முகம் வாடியது. “எத்தன தடவ?”

“ஒரு தடவ போதும்லா!”