பதினான்கு கேள்விகளும் ஆறு ஞாயிறுகளும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு மனித உரிமை மன்றக் கூட்டத்தில் கலந்துகொண்டேன். இரண்டு கிலோ ஆட்டுக்கறியைக் கழுவும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

ஓசூர்ப் பக்கம் ஒரு கலைக்கல்லூரி. அங்கே மூன்றாம் ஆண்டு பி.காம் படிக்கும் பவித்ரா ஒருநாள் போன் செய்தாள். மனித உரிமைக்கும் சமூக சேவைக்குமாக ஒரு மாணவர் மன்றம் தொடங்குகிறார்களாம். அவள்தான் செயலாளர். நான் ஆலோசகராக இருக்க வேண்டுமாம்.

"ஏம்மா, யாராவது வக்கீலக் கேக்கலாமில்ல?"

"ரெண்டு பேரக் கேட்டோம் சார். ரெண்டு பேருமே பிஸி. நீங்க பத்திரிகைல வாரத்துக்கு ஒரு பக்கந்தான எழுதறீங்க?"

மறுக்க முடியவில்லை. வாரத்துக்கு ஒரு பக்கம்தான் எழுதுகிறேன்.

அடுத்து கல்லூரி முதல்வரின் அனுமதி. நல்ல மனிதர். விண்ணப்பத்தில் 'சமூக சேவை' வந்த வரியில் புன்னகைத்தார். 'மனித உரிமை' வந்த வரியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சேவைன்னா மரம் நடறோம், ரத்ததானம் பண்றோம், போட்டோ எடுக்கறோம். உரிமைன்னா… போட்டோவுல யாருங்க நிப்பாங்க?"

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது — பேனரில் சேவை முதலில் வரும், பெரிய எழுத்தில். உரிமை பின்னால் வரும், கொஞ்சம் அடக்கமாக. கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. மற்ற நாட்களில் வகுப்பு முடிந்ததுமே கல்லூரி பஸ் கிளம்பிவிடும். உரிமைக்காகவெல்லாம் அது காத்திருக்காது.

முதல் வாரம் மரம் நட்டோம். போட்டோ நன்றாக வந்தது.

இரண்டாவது வாரம் உரிமையின் முறை. இம்ரான் என்று ஒரு பையன், பவித்ராவின் வகுப்புத் தோழன், மன்றத்தின் சட்ட மூளை. தொழிலாளர்களிடம் கேட்பதற்குப் பதினான்கு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தயார் செய்தான். வேலை நேரம் எவ்வளவு? இடைவேளை உண்டா? வார விடுமுறை தரப்படுகிறதா? பதவி உயர்வு மறுக்கப்பட்டதா — மறுத்தது யார்? இந்த ஊருக்கு ஒரு மொழி போதாது என்று தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அச்சடித்து, ஒரு கம்பெனி வாசலில் போய் நின்றார்கள். செக்யூரிட்டி மூன்று மொழிகளிலும் போகச் சொன்னார்.

இம்ரான் சளைக்கவில்லை. "நம்ம எல்லார் வீட்லயும் யாராச்சும் ஒருத்தர் கம்பெனிக்குப் போறாங்கதான? வீட்லயே கேட்டு எழுதிக்கினு வாங்க. எந்த செக்யூரிட்டி தொரத்துவான்?"

பிரமாதமான யோசனை என்று ஆலோசகர் என்ற முறையில் நானே பாராட்டினேன். வீட்டில் செக்யூரிட்டி இல்லை என்பது உண்மைதான். அதனால் வீடு பாதுகாப்பான இடம் என்று நான் நினைத்ததுதான் தப்பு.

அடுத்த ஞாயிறு படிவங்கள் வந்தன. பெரும்பாலும் அப்பாக்களும் அண்ணன்களும் சொன்ன பதில்கள். 'பரவாயில்லை', 'ஏதோ போகுது' — இப்படி. பவித்ரா தன் அம்மா நாகவேணியிடம் கேட்டு எழுதியதை வாசிக்க எழுந்தாள். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடமாக அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவர். அம்மா சொல்லச் சொல்ல, இவள் டி.வி.யில் ஒரு கண்ணும் படிவத்தில் ஒரு கண்ணுமாக எழுதியிருக்கிறாள். என்ன எழுதினோம் என்று அங்கே வாசிக்கும்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"வேலை நேரம் — காலையில நாலரைலேர்ந்து ராத்திரி பத்தரை. இடைவேளை — கம்பெனியில சாப்பாட்டுக்கு அரை மணி, ரெண்டு டீ. ஊட்ல கெடையாது. வார விடுமுறை — கம்பெனியில ஞாயித்துக்கெழமை. ஊட்ல அன்னிக்குத்தான் வேலை ஜாஸ்தி, பேரிகைலேர்ந்து சொந்தக்காரங்க வருவாங்க. பதவி உயர்வு மறுக்கப்பட்டதா — ஆமா. மறுத்தது யாரு — கம்பெனி குடுத்துச்சு, ஊட்ல உடல…"

அங்கே நிறுத்திவிட்டாள்.

விஷயம் இதுதான். நாகவேணியை லைன் லீடர் ஆக்க கம்பெனி தயார். அதற்குப் பயிற்சி உண்டு, ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், மூன்று வருடம் முன்பு இவரிடமே வேலை கற்றுக்கொண்ட ஒரு பெண் லீடராகிவிடுவாள். பிறகு இவர் பாத்ரூம் போகக்கூட அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டில் பேச்சை எடுத்தபோது, ஞாயிறு சமையலை யார் பார்ப்பது என்று கேள்வி வந்திருக்கிறது. பவித்ரா என்ன சொன்னாளாம் தெரியுமா?

"எனக்கு ஞாயித்துக்கெழமை கிளப் இருக்குதும்மா."

இம்ரான்தான் முதலில் வாயைத் திறந்தான். மன்ற விதிப்படி, புகாருக்கு ஆளானவருக்குச் செயலாளர் கடிதம் அனுப்ப வேண்டும். புகாருக்கு ஆளானவரே செயலாளராக இருந்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை.

எல்லோரும் ஆலோசகரைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆலோசனை சொன்னேன்.

"இது குடும்ப விஷயம்… உள்ளுக்குள்ளயே பேசித் தீத்துக்கலாமே."

முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் அமைதியாகச் சொன்னாள்: "இதத்தான் சார் எல்லாக் கம்பெனியும் சொல்லுது."

வெட்கமாக இருந்தது. நாற்பது வருடமாக ஊருக்கெல்லாம் நியாயம் எழுதுகிறவன் நான். பவித்ரா அழுதாள். சத்தம் இல்லை, மூக்கை மட்டும் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளே எழுந்து, ஆறு வாரத்துக்குக் கூட்டத்தைத் தன் வீட்டிலேயே நடத்தலாம், சமையலையும் மன்றமே செய்யலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். ஏகமனதாக நிறைவேறியது. எங்கள் யாருக்கும் சமைக்கத் தெரியாது என்பது விவாதத்துக்கே வரவில்லை.

அன்று மாலையே மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அப்பா கிருஷ்ணப்பா ராயக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து தக்காளி ஏற்றும் டெம்போ ஓட்டுகிறார். எங்களைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"நான் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லல சார். 'உன்னால முடியுமா?'ன்னு கேட்டன், அவ்ளோதான்."

சமையலறையிலிருந்து நாகவேணியின் குரல் வந்தது. "ஆமா சார். முடியாதுன்னு நாந்தான் சொன்னன். அவரு கேட்டது அந்த மாதிரி."

கிருஷ்ணப்பா தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல தரை.

"காலேஜ் புள்ளைங்க வந்து நம்ம ஊட்ல சமைக்கறதா? அக்கம்பக்கம் என்னா சொல்லும்?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுன்னா சாப்புட்டுட்டுப் போவும்" என்றார் நாகவேணி. அப்படியே வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாளைக்கே பேரு குடுத்துடறன்" என்றார். மகளைப் பார்க்காமல் கணவரைப் பார்த்துச் சொன்னார். அவர் மெதுவாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு எட்டுப் பேர் சாட்சி என்பதும் உதவியிருக்கலாம்.

ஆக, சென்ற ஞாயிறு முதல் பயிற்சி. நாகவேணி ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறினார். 'குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் உதவி' என்று முதல்வர் இதைச் சேவைக் கணக்கில் எழுதிக்கொண்டார். போட்டோ மட்டும் கேட்டிருக்கிறார்.

மெனு — ராகிக் களியும் கறிக்குழம்பும். பேரிகைச் சொந்தங்கள் வேறெதையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடாக ஒப்புக்கொள்வதில்லை. குழம்பு எப்படியோ வந்துவிட்டது, இம்ரான் வீட்டில் பார்த்திருக்கிறான். களிதான் காலை வாரிவிட்டது. இம்ரான் பானையைப் பிடிக்க, கிருஷ்ணப்பா கிளற, பவித்ரா மாவைக் கொட்ட, நான் நெருப்பை ஏற்றி இறக்க… களி எங்களில் யாரையும் மதிக்கவில்லை. உருண்டையைப் பிட்டால் உள்ளே பச்சை மாவு. தினமும் இதைத் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவைக்கிற மனிதர் கிருஷ்ணப்பா. இப்போது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டு, "இத தெனம் ஒத்தையாவா கிண்டறா?" என்று கேட்டார். யாரைப் பார்த்துக் கேட்டாரோ தெரியாது. பேரிகையிலிருந்து வந்த மாமா மட்டும் அன்று மரியாதையாகச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நாகவேணி மாலை ஐந்தரைக்கு வந்தார். கையில் புதிதாக ஒரு நோட்டு, கழுத்தில் பயிற்சிக்கான அடையாள அட்டை. பவித்ரா ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டாள். அப்படி ஒரு பழக்கம் அந்த வீட்டில் இருந்ததாகத் தெரியவில்லை, ஏனென்றால் அம்மா பையை உடனே விடவில்லை.

பயிற்சி எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு சார். போனை லாக்கர்ல வாங்கி வச்சிக்குவாங்க. சாயங்காலம் எடுத்துப் பாத்தா… பதினாலு மிஸ்டு கால்! ஒரு நிமிசம் நெஞ்சு அடிச்சிக்கிச்சு. அப்பறம் யோசிச்சன். ஆஸ்பத்திரி சமாச்சாரம்னா கம்பெனி கேட்டுக்கே ஆள் வந்திருக்கும். இது உப்பு, மொளகாத்தூள்தான். திருப்பிக் கூப்புடல. எப்பவும் பஸ்ல கீரை ஆஞ்சிக்கினே வருவன் சார்… இன்னிக்குத் தூங்கிக்கினு வந்தன்."

அவ்வளவு நிம்மதியாக ஒருவர் தூங்கியதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தப் பதினாலில் மூன்று, களிக்குத் தண்ணீர் எவ்வளவு என்று கேட்க, மன்றத்தின் ஆலோசகர் செய்தது.